ஐந்தரைக் கட்டையும் ஐந்நூற்று ஐம்பத்தைந்து சொனாட்டாக்களும்

"அந்த அம்மாளுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை" என்று கச்சேரி கேட்கப் போகிறவர்கள் பேசிக் கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு. உச்சத்தில் பிசிறில்லாமல் பாடுகிறவரை 'எட்டுக் கட்டைச் சாரீரம்' என்று புகழ்வதும் நம் ஊர் வழக்கம். இந்தக் கட்டை எந்தக் கட்டை என்று என்றாவது யோசித்ததுண்டா?

ஆர்மோனியப் பெட்டியில் விரலால் அழுத்துகிறோமே, அந்த மரக்கட்டைதான் அது. வெள்ளைக் கட்டைகளுக்கு வரிசையாக 1 முதல் 7 வரை எண். இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் கறுப்புக் கட்டைக்கு 'அரை' சேர்த்துச் சொல்கிறோம்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. எட்டாவது வெள்ளைக் கட்டை மேல் ஸ்தாயியின் ஒன்றாம் கட்டை. அதன் அதிர்வெண் முதற் கட்டையைப் போல் இரு மடங்கு. மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் மட்டும் கிடையா. ஏழரை என்றால் நம்மவர்களுக்குப் பயம் என்பதால் அல்ல! மூன்றாம், நான்காம் கட்டைகளுக்கு இடையிலும், ஏழாம், எட்டாம் கட்டைகளுக்கு இடையிலும் உள்ள தொலைவே அரைச் சுரம்தான். நடுவே இன்னொன்றுக்கு இடமில்லை. ஒன்றாம் கட்டையைச் 'ச' என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திப் பாருங்கள். நம் சங்கராபரண ராகத்தின் ஏழு சுரங்களும் வந்து விடும்.

ஆக, ஒரு ஸ்தாயியை வெட்டிப் பன்னிரண்டு கட்டைகளாக அடுக்கி வைத்து விட்டார்கள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எந்த ஒலியும் இல்லை. மாடிப்படிகளில் ஏறுவதைப் போல, இந்தப் படியில் நிற்கலாம், அல்லது அடுத்த படியில் நிற்கலாம். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. நம் இசையோ சறுக்கு மரத்தில் ஏறி இறங்குவது. அப்படியிருக்க, படிக்கட்டை மட்டுமே வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஓர் இத்தாலியர் 555 படைப்புகள் வரை போனார். அவர் பெயர் டொமினிகோ ஸ்கார்லாட்டி.

அவருடைய காலத்தை நினைவில் நிறுத்திக்கொள்ள எங்கள் செஞ்சிக் கோட்டை நன்றாக உதவும். ஸ்கார்லாட்டி 1685இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். மேலை இசையின் பெருந்தூண்களான பாக், ஹாண்டல் இருவரும் பிறந்தது அதே ஆண்டில்தான். அவருக்கு ஐந்து வயதானபோது, 1690இல், முகலாயப் படைகள் செஞ்சியை முற்றுகையிட்டன. 1698 வரை அந்த முற்றுகை நீண்டது. ராஜா தேசிங்கு போர்க்களத்தில் மாண்ட 1714இல் ஸ்கார்லாட்டி ரோமாபுரியில் தேவாலய இசைக்குப் பொறுப்பாளர். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்த 1750இல் அவர் ஸ்பெயின் நாட்டு அரண்மனையில் அரசியின் இசையாசிரியர். 1757இல் மாட்ரிட் நகரில் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்துச் செஞ்சி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை உள்ள பகுதியைப் 'பரோக்' காலம் என்பார்கள். அதன் கடைசித் தலைமுறை இவர்கள்.

சொனாட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்கு 'ஒலிக்கப்படுவது' என்று பொருள். பாடப்படுவது கான்டாட்டா, கருவியில் வாசிக்கப்படுவது சொனாட்டா. ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்கள் சிறியவை. பெரும்பாலானவை மூன்று நிமிடம் முதல் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறக்குறைய எல்லாமே ஹார்ப்சிகார்டு என்ற கருவிக்காக எழுதப்பட்டவை.

இறகு மீட்டும் வீணை

பார்வைக்கு ஹார்ப்சிகார்டு பியானோவைப் போலத்தான் இருக்கும். உள்ளே வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் கம்பளி ஒட்டிய சிறு சுத்தியல் ஒன்று தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையின் பின்முனை ஏற்றம் போல மேலெழுந்து, நிமிர்ந்து நிற்கும் ஒரு மெல்லிய மரப்பட்டையைத் தூக்குகிறது. அந்தப் பட்டையின் பக்கவாட்டில் காக்கை போன்ற பறவையின் இறகுக் காம்பிலிருந்து சீவிய சிறு துண்டு ஒன்று துருத்திக் கொண்டிருக்கும். அது தந்தியை உரசி, வளைத்து, விடுவித்து மேலே போய்விடும். விரலை எடுத்ததும் பட்டை கீழே இறங்கும். அப்போது இறகு மறுபடியும் தந்தியை மீட்டிவிடாதபடி ஒரு சிறிய கீல் அதை விலக்கிவிடும். பட்டையின் உச்சியில் உள்ள துணித் துண்டு தந்தியைத் தொட்டு ஒலியை நிறுத்தும். அதாவது ஹார்ப்சிகார்டு என்பது விரலுக்குப் பதிலாக இறகு மீட்டும் வீணை. ஆனால் சுரத்துக்கொரு தனித் தந்தி உண்டு.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். இறகு எந்த அளவு வளைந்தபின் தந்தி விடுபடும் என்பதை நிர்ணயிப்பது இறகின் விறைப்பு. உங்கள் விரலின் வேகம் அல்ல. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் தந்தி விலகும் தொலைவு ஏறக்குறைய ஒன்றே. எனவே ஒலியின் உரப்பும் ஒன்றே. இரண்டு வரிசைத் தந்திகள் உள்ள கருவியில் இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்யலாம், அவ்வளவுதான் சலுகை. மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக ஒலியைப் பெருக்குவது என்பது இந்தக் கருவியில் இல்லை. போதாக்குறைக்கு, மீட்டிய ஒலி சில நொடிகளில் தேய்ந்து போகிறது. வயலினில் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கலாம். குழலில் ஊதிக்கொண்டே இருக்கலாம். இங்கே ஒரு முறை கொடுத்த ஆற்றல் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இவ்வளவு குறைகள் இருந்தும் அதன் ஒலிக்கு ஒரு பளபளப்பு உண்டு. அது எங்கிருந்து வருகிறது? உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானி இருக்குமே, அதில் சோதித்துப் பார்க்கலாம். கம்பியைச் சரியாக நடுவில் மீட்டுங்கள். ஒலி மழுங்கலாக, உருண்டையாக வரும். பிறகு குதிரைக்கு அருகே, நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொலைவில் மீட்டுங்கள். அதே சுரம்தான், ஆனால் கூர்மையாக, உலோகத் தன்மையோடு ஒலிக்கும்.

காரணம் மேற்சுரங்கள். ஒரு கம்பி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று பல அதிர்வுகளும் உடன் பிறக்கின்றன. எந்த அதிர்வுக்கு மீட்டும் இடத்தில் கணு அமைகிறதோ அந்த அதிர்வு எழாது. நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது எல்லாம் அடிபட்டுப் போகும். மூன்றாவதன் வீச்சு அடிப்படையில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 11 சதவீதம்தான். பத்தில் ஒரு பங்கு தொலைவில் மீட்டினால் கணக்குப்படி இரண்டாவதன் வீச்சு அடிப்படையில் 48 சதவீதம். மூன்றாவது 29 சதவீதம். பத்தாவதுதான் காணாமற் போகும். ஹார்ப்சிகார்டில் இறகு தந்தியின் ஓரத்துக்கு அருகில் மீட்டுவதால் மேற்சுரங்கள் மிகுகின்றன. கூரான, மெல்லிய இறகு என்பதால் அவை மழுங்காமலும் இருக்கின்றன. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கத்தியால் நறுக்கியது போலத் தெளிவாகக் கேட்கிறது.

குறையை வைத்தே ஒரு கலை

உரப்பைக் கூட்ட முடியாத கருவியில் ஸ்கார்லாட்டி எப்படி உரப்பைக் கூட்டினார் என்று பாருங்கள். ஒரே சமயத்தில் மீட்டப்படும் தந்திகளின் எண்ணிக்கையை மாற்றினார். ஒரு தந்தி ஒலிக்குமிடத்தில் பத்துத் தந்திகள் ஒலித்தால் ஆற்றல் ஏறக்குறைய பத்து மடங்கு. டெசிபல் கணக்கில் 10 டெசிபல் கூடுதல். ஒற்றைச் சுரமாக ஓடிக்கொண்டிருந்த வரி திடீரென்று இரண்டு கைகளும் கொள்ளாத அளவுக்குத் தடித்துக் கொள்ளும். அதிலும் ஒரு வேடிக்கை செய்வார். கூட்டாக ஒலிக்கும் இனிய சுரங்களுக்கு நடுவே, அவற்றோடு சேராத பக்கத்துக் கட்டை ஒன்றையும் சேர்த்து நசுக்குவார். நூற்றுப் பத்தொன்பதாவது சொனாட்டாவில் இது உச்சத்துக்குப் போகிறது. ஆயிரம் கிடார்களை ஒரே வீச்சில் உரசியது போன்ற அந்த இரைச்சலைப் பிற்காலத்தில் பதிப்பித்த சிலர் எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்தியும் இருக்கிறார்கள்.

கிடார் என்று தற்செயலாகச் சொல்லவில்லை. ஸ்கார்லாட்டி 1729 முதல் கடைசிவரை ஸ்பெயினில் வாழ்ந்தவர். அந்த நாட்டுத் தெருக்களின் கிடார் மீட்டலும், நடனக்காரர்களின் குதிகால் தாளமும் அரண்மனைக்குள் இவர் எழுத்தில் நுழைந்து விட்டன. ஒலி தேய்ந்து போகிறதா, சரி, ஒரே சுரத்தை விரல் மாற்றி விரல் மாற்றி விரைந்து தட்டிக்கொண்டே இருப்போம் என்றார். 141ஆம் சொனாட்டா முழுவதும் இந்த வித்தைதான். கட்டை முழுதாகத் திரும்பி வந்து, இறகு தந்திக்குக் கீழே நழுவிய பிறகே அடுத்த தட்டு ஒலிக்கும் என்பதால், இதை வாசிக்க விரலுக்கும் பயிற்சி வேண்டும், கருவியும் சீராக இருக்க வேண்டும். வேறு சிலவற்றில் இடக்கை வலக்கையைத் தாண்டிக் குதித்து உச்சச் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். காதுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் விருந்து.

முப்பதாவது சொனாட்டாவுக்குப் 'பூனை' என்றே செல்லப்பெயர். கட்டைகள் மேல் நடந்து போன பூனை எழுப்பிய சுரங்களை வைத்து இதைக் கட்டினார் என்று ஒரு கதை. பெயர் அவர் இட்டதன்று, பின்னால் வந்தவர்கள் இட்டது. கதையையும் அந்த அளவுக்கே நம்புங்கள். ஆனால் தொடக்கச் சுரங்கள் என்னவோ பூனையின் தாவலைப் போலத்தான் இருக்கின்றன.

இரண்டு பாதியும் ஓர் இயைபும்

இந்தச் சொனாட்டாக்களின் அமைப்பு ஒரு தாளில் வரைந்து காட்டக்கூடிய அளவுக்கு எளியது. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிப்பது வழக்கம். முதற்பாதி 'ச'வில் தொடங்கிப் பெரும்பாலும் 'ப'வில் போய் முடியும். வெறுமனே பஞ்சமத்தைத் தொடுவதன்று. பஞ்சமமே புதிய ஆதார சுருதியாகி விடும். தம்புரா ஓயாமல் ஒரே சுருதியைச் சொல்லிக் கொண்டிருக்கும் நம் இசையில் பழகிய காதுக்கு, இது தரையையே நகர்த்துவது போல இருக்கும். சங்கராபரணத்தில் பஞ்சமத்தைச் 'ச'வாகக் கொண்டு அதே வகை வரிசை வேண்டுமானால் ஒரு சுரத்தை மாற்ற வேண்டும்: சுத்த மத்தியமம் விலகிப் பிரதி மத்தியமம் வர வேண்டும். அந்த ஒரு சுரம் தலைகாட்டியதுமே 'வீட்டை விட்டுக் கிளம்பி விட்டோம்' என்று காது அறிந்து கொள்கிறது. இரண்டாம் பாதி இன்னும் தொலைவிலுள்ள சுருதிகளில் எல்லாம் அலைந்து, கடைசியில் வீடு திரும்புகிறது.

முதற்பாதி எந்தச் சொற்றொடரோடு முடிந்ததோ, பெரும்பாலும் அதே தொடரோடுதான் இரண்டாம் பாதியும் முடியும். முன்பு பஞ்சமத்தின் மேல், இப்போது ஷட்ஜத்தின் மேல். யாப்பிலக்கணத்தில் அடிகளின் இறுதி ஒன்றி வருவதை இயைபுத் தொடை என்று படித்திருப்பீர்கள். இது இசையில் வரும் இயைபு. மூன்று நிமிடத்துக்குள் ஒருவரைக் கிளப்பி, வழி தவறச் செய்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிற இந்தச் சிறு பயணம்தான், இசை இலக்கணம் ஒன்றும் தெரியாதவரையும் இவற்றின் பக்கம் இழுக்கிறது என்பது என் எண்ணம். 555 தடவையும் வரைபடம் ஏறக்குறைய ஒன்றே. பாதை ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

இவ்வளவு சுருதிகளில் அலைய வேண்டுமானால் தந்திகளை எப்படிச் சுருதி சேர்ப்பது? இங்கே ஒரு பழைய இடைஞ்சல் குறுக்கிடுகிறது. 'ச'வின் அதிர்வெண் 240 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். தம்புராவோடு இழையும் தூய அந்தர காந்தாரம் 5/4 மடங்கு, அதாவது 300 ஹெர்ட்ஸ். தூய பஞ்சமம் 3/2 மடங்கு, 360 ஹெர்ட்ஸ். ஆனால் தூய பஞ்சமங்களாகவே பன்னிரண்டு முறை ஏறிப் போனால் தொடங்கிய சுரத்துக்குச் சரியாகத் திரும்பி வர முடியாது; சற்றே கூடுதலாகப் போய் நிற்போம். அந்த மிச்சத்தை எங்காவது ஒளித்து வைத்தாக வேண்டும். இன்றைய பியானோவிலும் மின்னணுக் கீபோர்டிலும் மிச்சத்தைப் பன்னிரண்டு கட்டைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு விடுகிறார்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தையதைப் போல் 1.0595 மடங்கு. அதன்படி பஞ்சமம் 359.6 ஹெர்ட்ஸ், பிழை மிகச் சிறிது. காந்தாரமோ 302.4 ஹெர்ட்ஸ். தூய காந்தாரத்தோடு சேர்த்து ஒலித்தால் நொடிக்கு இரண்டுக்கு மேல் விம்மல்கள் கேட்கும். கீபோர்டில் சங்கராபரணம் வாசிக்கும்போது காந்தாரம் சற்றுத் தூக்கலாக இருக்கிறது என்று வித்வான்கள் முகம் சுளிப்பது இதனால்தான்.

ஸ்கார்லாட்டி காலத்தில் இந்தச் சமப் பங்கீடு பொது வழக்கில் இல்லை. அடிக்கடி வரும் சுருதிகளில் காந்தாரம் இனிமையாக இருக்கும்படி சேர்த்துவிட்டு, பிழையை அதிகம் புழங்காத சுருதிகளின் தலையில் கட்டி விடுவார்கள். ஆகவே வீட்டுச் சுருதியில் இனித்த கருவி, தொலைவுக்குப் போகப் போகக் கரகரக்கும். திரும்பி வந்ததும் மறுபடி இனிக்கும். சொனாட்டாவின் பயணம் அன்றைய கேட்போருக்கு விம்மல்களாலும் புலப்பட்டிருக்கும். இன்னொரு செய்தி: சுருதியின் உயரமே அன்று ஊருக்கு ஊர் வேறுபட்டது. இன்று பரோக் இசையைப் பழைய முறையில் வாசிப்போர் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்து கொண்டிருக்கிறார்கள். 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஆறாம் கட்டையை 415 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கொள்கிறார்கள். அது எந்தக் கட்டை தெரியுமா? சாட்சாத் நம் ஐந்தரைக் கட்டை!

சென்னைக் கோட்டையிலிருந்து வந்த மெட்டுகள்

ஸ்கார்லாட்டியின் நூற்றாண்டில் ஐரோப்பியரின் நேர் சுரங்கள் தமிழ்நாட்டிலும் ஒலித்தன. கருநாடகப் போர்களில் செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடந்த படைகளோடு குழலும் முரசும் நடந்தன. சென்னைக்கு அருகே மணலியில், கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்த வேங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்து வந்தது. அவர் அழைத்துப் போய்த்தான் தீட்சிதரின் மக்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய வாத்தியங்களைக் கேட்டார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. மூத்த மகன்தான் முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835). கேட்ட மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட அந்தச் சிறு பாடல்களை நோட்டுஸ்வரம் என்கிறோம். எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது, வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். 'சியாமளே மீனாக்ஷி' என்று சங்கீதம் பயிலும் குழந்தைகள் பாடும் மெட்டு, ஆங்கிலப் பள்ளிக் குழந்தைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடுகிறார்களே, அதே பிரெஞ்சு மெட்டுதான். மோட்சார்ட் அதே மெட்டை வைத்து விசைப்பலகைக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதியிருக்கிறார். ஒரே மெட்டு வியன்னாவில் விரலுக்கு வேலையாயிற்று, மணலியில் தோத்திரமாயிற்று.

தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கப்பலில் வயலினும் வந்தது, கட்டைகள் கொண்ட கருவிகளும் வந்தன. வயலின் நம் கச்சேரி மேடையில் நிலைத்துவிட்டது. கட்டைக் கருவி ஏன் நிலைக்கவில்லை?

விடை f என்ற அதிர்வெண்ணின் சூத்திரத்தில் இருக்கிறது. கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வயலின் வாசிப்பவர் விரலை நகர்த்தி நீளத்தைத் தொடர்ச்சியாக மாற்றுகிறார். வீணையில் மெட்டுகள் இருந்தாலும் வைணிகர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுவிசையைக் கூட்டுகிறார். ஒரு முழுச் சுரம் உயர, அதாவது அதிர்வெண் 9/8 மடங்காக, இழுவிசை 81/64 மடங்காக வேண்டும். ஏறத்தாழ 27 சதவீதம் கூடுதல். விரல் நுனி தழும்பேறிப் போவதில் வியப்பென்ன? ஹார்ப்சிகார்டிலோ ஆர்மோனியத்திலோ வாசிப்பவரின் விரல் ஒலிக்கும் பொருளைத் தொடுவதே இல்லை. நீளமும் இழுவிசையும் கருவி செய்தவரோடு முடிந்து போன விஷயங்கள். தோடியின் காந்தாரத்தை அசைக்க வழியே இல்லை. நாடக மேடையிலும் பஜனைக் கூடத்திலும் கொடிகட்டிப் பறந்த ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்தது. 1971க்குப் பிறகே அந்தத் தடை தளர்ந்தது. தடை விதித்தது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காரணம் வெறும் பழமைப் பிடிப்பன்று. அதில் இயற்பியல் இருந்தது. இன்றைய மின்னணுக் கீபோர்டில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு கமகம் வாசிக்கும் கலைஞர்கள் வந்துவிட்டார்கள்.

ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்களும் நோட்டுஸ்வரங்களும் ஒருவகையில் உறவு. இரண்டும் பயில்வோர் கையில் உயிர் வாழ்பவை. ஸ்கார்லாட்டி தம் பெயரில் 1738இல் வெளியிட்ட முப்பது சொனாட்டாக்களுக்குப் 'பயிற்சிகள்' என்றே தலைப்பு வைத்தார். மற்றவை தப்பிப் பிழைத்த கதைதான் நெஞ்சைத் தொடுவது. போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்குச் சிறுவயதிலிருந்து அவர் ஆசிரியர். அவள் மணமாகி ஸ்பெயினுக்குப் போனபோது கூடவே போனார். 1746இல் அவள் அரசியானாள். அவளுக்காகச் சொனாட்டாக்களைப் பதினைந்து தொகுதிகளாகப் படியெடுத்தார்கள். பெரும்பகுதி எழுதப்பட்டது 1752க்கும் 1757க்கும் இடையில், கிழவரின் கடைசி ஆண்டுகளில். அவர் போன மறு ஆண்டே அரசியும் போனாள். தொகுதிகள் ஃபாரினெல்லி என்ற பாடகர் வழியாக இத்தாலி சேர்ந்தன. இன்று வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன. பார்மா நகரிலும் இன்னொரு பதினைந்து தொகுதிகள் உண்டு. ஸ்கார்லாட்டி தம் கைப்பட எழுதிய சொனாட்டாப் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. படியெடுத்த அந்தப் பெயர் தெரியாத எழுத்தர்கள் சோம்பியிருந்தால், ஐந்நூறு சொனாட்டாக்கள் அந்த ஹார்ப்சிகார்டின் ஒலியைப் போலவே சில நொடிகளில் தேய்ந்திருக்கும்.

நம் ஊரிலும் இதே கவலை ஒருவரைப் பிடித்து ஆட்டியது. சின்னசாமி முதலியார் என்பவர் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் ஐந்து கோட்டுக் குறியீட்டில் 1893இல் அச்சிடத் தொடங்கினார். தீட்சிதர் வழிவந்த சுப்பராம தீட்சிதரை அவர் வற்புறுத்தியதன் விளைவாகவும், எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும், 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. கமகங்களைக் குறிக்கத் தனிக் குறிகளே உருவாக்கினார்கள். படிக்கட்டை எழுதுவது எளிது, சறுக்கு மரத்தை எழுதுவதுதான் கடினம் என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டினால் உணர்வீர்கள்.

சொனாட்டாக்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்த முயன்று, 1 முதல் 555 வரை எண்ணிட்டவர் ரால்ஃப் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்க ஹார்ப்சிகார்டு கலைஞர். ஆண்டு 1953. அவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து 'கே. 141' என்பது போலக் குறிப்பிடுகிறார்கள். 1964இல் ஹோரோவிட்ஸ் பியானோவில் வாசித்துப் பதிவு செய்த சொனாட்டாக்கள் மிகுந்த புகழ் பெற்றன. ஸ்காட் ராஸ் 1984-85இல் 555ஐயும், ஏறக்குறைய எல்லாவற்றையும் ஹார்ப்சிகார்டிலேயே வாசித்துப் பதிவு செய்தார். எது சரி என்று இசை அறிந்தவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. பியானோவில் உரப்பும் மென்மையும் வாசிப்பவர் விருப்பம். ஆனால் பியானோவின் சுத்தியல் மேற்சுரங்களைச் சற்று மழுக்குவதால், அந்த 119ஆம் சொனாட்டாவின் கிடார் இரைச்சல் பாதி கரைந்து போகிறது. என் வாக்கு இறகுக்கே. உங்கள் ஊரில் கைப்பேசியில் இரண்டும் கிடைக்கும். கே. 141ஐ முதலில் ஹார்ப்சிகார்டிலும் உடனே பியானோவிலும் கேளுங்கள். ஒவ்வொரு தட்டின் தொடக்கத்தையும் கவனியுங்கள். பிறகு சுரமானிக் கம்பியை நடுவில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை மீட்டிவிட்டு, எந்த ஒலி எதற்கு நெருக்கம் என்று குறித்துக் கொள்ளுங்கள். கம்பியை ஓரத்தில் மீட்டும்போது விரல் சதைக்குப் பதில் நகத்தைப் பயன்படுத்த மறக்க வேண்டாம்.